ஹம்தானி, ஜந்தாலி, உபைதி: பழைய வெள்ளை முந்திரிகைகளும் போத்தலில் எழுதப்படும் பெயரும்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு முந்திரிகைப் பந்தல் இருந்தது. திராட்சையை யாழ்ப்பாணத்தில் நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்வோம். கறுநீலப் பழம். நன்றாகப் பழுத்த பிறகும் கொஞ்சம் புளிப்பு மிச்சமிருக்கும். அந்த இனத்தின் பெயர் 'இஸ்ரேல் புளூ' என்று அப்பா சொல்வார். வடக்கில் பந்தல் போட்டு வளர்க்கப்படும் முந்திரிகைகளில் பரவலானது அதுதான். இஸ்ரேல் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அந்தப் பழத்தோடு. அடுத்த தடவை கேட்டது இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தபோது, பதுங்குகுழிக்குள். மேலே சுற்றுகிற கிபிர் இஸ்ரேலில் செய்த விமானம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், போரைக் கண்ட நாடுகளின் ஊடகவியலாளர்களுக்காக ஐரோப்பாவில் நடந்த ஒரு பயிலரங்குக்குப் போயிருந்தேன். கடைசி நாள் இரவுச் சாப்பாட்டின்போது, பெத்லகேமுக்குப் பக்கத்திலுள்ள பெய்த் ஜாலா என்ற ஊரைச் சேர்ந்த பலஸ்தீனச் செய்தியாளர் ஒருவர் தன் பையிலிருந்து ஒரு வெள்ளை வைன் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். அதில் எழுதியிருந்த இரண்டு பெயர்களை வாசித்துக் காட்டினார்: ஹம்தானி, ஜந்தாலி. "இரண்டும் பழத்தின் பெயர்கள். என் பாட்டிக்குத் தெரியும். வைன் விற்கிறவர்களுக்குத் தெரியாது" என்றார். பிறகு, அதே ஹம்தானி இஸ்ரேலில் வேறு பெயரில் போத்தலில் வருகிறது என்றும் சொன்னார்.

வைனின் சுவையைப் பிரித்துச் சொல்லும் நாக்கு எனக்கு இல்லை. எலுமிச்சை மணமும் பச்சை அப்பிளின் புளிப்பும் இருந்தன, அவ்வளவுதான். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது மனதில் நின்றுவிட்டது. ஊர் திரும்பிய பின்னர் அந்த முந்திரிகைகளைப் பற்றித் தேடி வாசித்ததன் தொகுப்பே இந்தக் கட்டுரை.

ஓர் இனம் எப்படி உயிர்வாழ்கிறது?

முந்திரிகையின் விதையை நட்டால் தாய்க்கொடியைப் போன்ற கொடி வராது. பிள்ளை தாயை அப்படியே உரித்து வைத்துப் பிறக்காததைப் போல, ஒவ்வொரு விதையும் ஒரு புதிய கொடி. ஆகவே ஓர் இனத்தை அப்படியே வைத்திருக்க வேண்டுமென்றால் கொப்பு வெட்டி நட வேண்டும், அல்லது ஒட்டுக்கட்ட வேண்டும். இன்று ஹம்தானி என்று அழைக்கப்படும் ஒவ்வொரு கொடியும், எப்போதோ ஒருவர் பிடித்துப்போய் வெட்டி நட்ட ஒரே கொடியின் தொடர்ச்சி. நடுவில் ஒரு தலைமுறை கொப்பு வெட்டி நடாமல் விட்டால் அந்த இனம் அதோடு முடிந்துவிடும். களஞ்சியத்தில் விதை சேர்த்து வைத்து அதை மீட்க முடியாது.

உலகத்தில் பெயர் தெரிந்த முந்திரிகை இனங்கள் சுமார் 10,000 இருக்கின்றன. சர்வதேச முந்திரிகை மற்றும் வைன் அமைப்பு 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகின் முந்திரிகை நிலங்களில் மூன்றிலொரு பங்குக்கும் மேலானதை வெறும் 13 இனங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 33 இனங்கள் சேர்ந்தால் பாதி நிலம். மீதிப் பாதிக்குள்தான் மற்ற ஆயிரக்கணக்கான இனங்களும் அடங்குகின்றன. அவற்றில் பல, ஒரு மலைச்சரிவில் ஒரு சில குடும்பங்களின் தோட்டங்களில் மட்டும் மிஞ்சியிருப்பவை.

ஓர் இனம் ஒதுக்கப்படுவதற்கு அதன் சுவைதான் காரணம் என்றில்லை. வெள்ளை வைன் செய்யும்போது பழத்தைப் பிழிந்து, சாற்றைத் தோலிலிருந்து சீக்கிரமாகப் பிரித்து நொதிக்க வைப்பார்கள். நிறத்தையும் துவர்ப்பையும் தருவது தோல். அது இல்லாதபோது சாற்றின் புளிப்பும் மணமுமே எல்லாம். வெப்பமான நாடுகளில் பழம் பழுக்கப் பழுக்கப் புளிப்புக் குறைந்துவிடும். பிழிந்த சாறும் சூட்டில் கெட்டுவிடும். குளிரூட்டிய உருக்குத் தொட்டிகள் பரவலாகும்வரை அத்தகைய நாடுகளில் நல்ல வெள்ளை வைன் செய்வது சிரமமாகவே இருந்தது. எனவே அங்குள்ள வெள்ளை முந்திரிகைகள் வைனுக்கு உதவாதவை என்று முத்திரை குத்தப்பட்டன. பெயர் தெரிந்த பிரெஞ்சு இனங்களை நட்டால் விற்பனை இலகு என்பதும் சேர்ந்துகொண்டது.

பிரெஞ்சு இனங்களின் பூர்வீகமும் அவ்வளவு உயர்ந்ததல்ல. உலகத்தில் மிகவும் பிரபலமான வெள்ளை வைன் முந்திரிகையான ஷார்டொனே எங்கிருந்து வந்தது என்பதை 1999 இல் மரபணு ஆய்வொன்று கண்டுபிடித்தது. பெற்றோரில் ஒன்று பினோ என்ற மதிப்பு வாய்ந்த இனம். மற்றது குவே பிளாங் என்ற வெள்ளை இனம். குவே, ஏழை விவசாயிகள் பள்ளக்காணிகளில் வளர்த்தது. தரமற்றதென்று பல காலங்களில் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடைகளை மீறி யாரோ அதைத் தோட்டத்தில் வைத்திருந்தபடியால்தான் ஷார்டொனே பிறந்தது.

சாப்பாட்டுக்காகக் காப்பாற்றப்பட்ட பழங்கள்

பலஸ்தீன மலைப்பகுதியில், ஹெப்ரோனிலிருந்து பெத்லகேம் வரை, மிகப் பழைய காலம் தொட்டே முந்திரிகை இருக்கிறது. இஸ்லாமிய ஆட்சிக் காலத்தில் வைன் செய்வது பெரும்பாலும் நின்றுபோனாலும், கொடிகளை யாரும் பிடுங்கி எறியவில்லை. பழத்தைச் சாப்பிட்டார்கள், காயவைத்து வற்றலாக்கினார்கள். சாற்றைக் காய்ச்சி 'திப்ஸ்' என்ற பாணி செய்தார்கள். நம் பனாட்டைப் போலத் தட்டையாகக் காயவைத்து 'மல்பன்' செய்தார்கள். இளம் இலையில் அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி அவித்தார்கள். இவை எல்லாம் இன்றும் செய்யப்படுகின்றன.

வெயில் காலத்தில் குடும்பமே தோட்டத்துக்குக் குடிபெயரும் வழக்கமும் இருந்தது. காணிக்கு நடுவே கல்லடுக்கிக் கட்டிய இரண்டு தட்டுக் காவற்கொட்டில்களில் தங்கி அறுவடை முடியும்வரை காவல் இருப்பார்கள். பல மலைச்சரிவுகளில் அந்தக் கற்கொட்டில்கள் இன்னமும் நிற்கின்றன. பெத்லகேமுக்கு மேற்கே பத்தீர் என்ற கிராமத்தின் படிக்கட்டு வயல்களை 2014 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாகப் பதிவுசெய்தபோது அதற்கு வைத்த தலைப்பே 'ஒலிவும் முந்திரிகையும் விளையும் நாடு' என்பதுதான். அதே நேரத்தில் அது ஆபத்திலுள்ள மரபுரிமைகளின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

இப்படித்தான் ஹம்தானி, ஜந்தாலி, தபூக்கி, ஸைனி முதலிய வெள்ளை இனங்கள் தப்பின. வைனுக்காக அவற்றை யாரும் பாதுகாக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வேண்டிய பழத்துக்காகவும் இலைக்காகவும் கொப்பு வெட்டி நட்டு வந்தது.

வைன் தொழில் திரும்பி வந்தபோது அந்த இனங்களைக் கவனிக்கவில்லை. 1880களில் பாரிஸின் செல்வந்தர் எட்மண்ட் டி ரொத்ஷில்ட் பிரபு யூதக் குடியேற்றங்களில் முந்திரிகைத் தோட்டங்களுக்குப் பணம் கொடுத்தார். நிபுணர்கள் பிரான்சிலிருந்து வந்தார்கள், கொப்புகளும் பிரான்சிலிருந்து வந்தன. அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல், அந்த நாட்டு வைன் என்றால் பிரெஞ்சு இனங்களின் வைன் என்றே ஆனது.

கிரேமிசான்

பெய்த் ஜாலாவுக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கில் கிரேமிசான் மடம் இருக்கிறது. அந்தோனியோ பெலோனி என்ற இத்தாலியக் குருவானவர் 1885 இல் அந்தக் காணியை வாங்கி மடத்தை நிறுவினார். பின்னர் அது சலேசியன் சபையின் கைக்கு வந்தது. தொன் பொஸ்கோ நிலையங்கள் வழியாக நம் ஊர்களுக்கும் தெரிந்த அதே சபைதான். திருப்பலிக்கு வைன் வேண்டும் என்பதால் ஆரம்பத்திலிருந்தே அங்கே வைன் செய்யப்பட்டது. அதில் வரும் வருமானம் சபையின் கல்விப் பணிகளுக்கும் ஏழைகளுக்கும் போனது.

நீண்ட காலமாக அது சாதாரண வைனாகவே இருந்தது. 2008 ஆம் ஆண்டளவில் இத்தாலிய வைன் நிபுணர் ரிக்கார்டோ கொத்தரெல்லாவின் ஆலோசனையோடு மடம் ஒரு முடிவுக்கு வந்தது. உள்ளூர் விவசாயிகளிடம் ஏற்கெனவே இருக்கும் பழங்களை அவற்றின் சொந்தப் பெயரிலேயே போத்தலில் அடைப்பது. ஹம்தானியும் ஜந்தாலியும் கலந்த வெள்ளை வைன் ஒன்று. தபூக்கி தனியாக ஒன்று. பலதி என்ற உள்ளூர் இனத்தில் செய்த சிவப்பு வைன் ஒன்று. பிரெஞ்சுப் பெயர் இல்லாத அந்தப் போத்தல்கள் ஐரோப்பிய உணவகங்களுக்கும் போகத் தொடங்கின. பெயரே கேள்விப்படாத பழத்தில் இப்படியொரு வைனா என்று எழுதினார்கள்.

பழம் ஹெப்ரோன், பெத்லகேம் பக்கத்துச் சிறு விவசாயிகளிடமிருந்து வருகிறது. பறித்த முந்திரிகை காத்திருக்காது. வெயிலில் லொறி நின்றால் அடியிலுள்ள பழம் நசுங்கி, சாறு தானாகவே நொதிக்கத் தொடங்கிவிடும். சோதனைச்சாவடியில் நிற்கும் நேரமெல்லாம் வைனின் தரத்தில் தெரியும். ஓமந்தையில் மரக்கறி லொறியோடு நின்றவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மதில்

2006 ஆம் ஆண்டளவில் இஸ்ரேலின் பிரிவினை மதில் கிரேமிசான் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் என்று அறிவிக்கப்பட்டது. மேற்குக் கரைக்குள் மதில் கட்டுவது சர்வதேச சட்டத்துக்கு முரணானது என்று சர்வதேச நீதிமன்றம் 2004 யூலையிலேயே ஆலோசனைக் கருத்து வழங்கியிருந்தது. திட்டமிட்ட பாதை பெய்த் ஜாலாவின் 58 குடும்பங்களை அவர்களின் காணிகளிலிருந்து பிரிக்கக்கூடியது. மடத்தையும் பக்கத்திலுள்ள அருட்சகோதரிகளின் பாடசாலையையும் ஊரிலிருந்து துண்டிக்கக்கூடியது.

குடும்பங்களும் அருட்சகோதரிகளும் வழக்குப் போட்டார்கள். வழக்கு நடந்த காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஒலிவ மரங்களுக்கு நடுவே திருப்பலி நடந்தது. 2015 ஏப்ரலில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் அந்தப் பாதையை மறுபரிசீலனை செய்யும்படி தீர்ப்பளித்தபோது வென்றுவிட்டோம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதே ஆண்டு யூலையில், மடமும் பாடசாலையும் இருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் கட்டலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. ஓகஸ்டில் பெக்கோக்கள் வந்து பீர் ஓனா பகுதியின் ஒலிவ மரங்களை வேரோடு பிடுங்கின.

பயிலரங்கில் சந்தித்த அந்தச் செய்தியாளர் அன்று அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தாராம். ஒலிவம் பெரிய மரம், பிடுங்கினால் உலகமே படம் எடுக்கும், முந்திரிகைக்கு அந்த யோகமும் இல்லை என்றார். தோட்டத்துக்குப் போகிற பாதையை இரண்டு வருடம் மூடினால் போதும், கவ்வாத்துப் பண்ண ஆளில்லாமல் கொடி தானாகப் பட்டுவிடும். அதைப் படம் எடுத்து யாருக்குக் காட்டுவது என்று கேட்டார். எங்களூர்ப் பக்கம் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட தோட்டக்காணிகளில் நின்ற பற்றைகள் எனக்கு நினைவு வந்தன.

பள்ளத்தாக்கைச் சுற்றிய நெருக்கடி அதோடு முடியவில்லை. 2024 ஓகஸ்டில் நஹால் ஹெலெட்ஸ் என்ற புதிய யூதக் குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு நிலம் ஒதுக்கியது. அது பத்தீரின் உலக மரபுரிமை எல்லைக்குள் வருகிறதென்று குடியேற்றங்களைக் கண்காணிக்கும் இஸ்ரேலிய அமைப்பான 'பீஸ் நவ்' சுட்டிக்காட்டியது.

அதே பழம், வேறு பெயர்

இப்போது அவர் சொன்ன இரண்டாவது விடயத்துக்கு வருகிறேன். இஸ்ரேலின் ரெக்கனாட்டி என்ற வைன் நிறுவனம் 2014 ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து 'மராவி' என்ற வெள்ளை வைனை வெளியிட்டது. சுமார் 2,500 போத்தல்கள்தான். இஸ்ரேலிய நிறுவனமொன்று நாட்டின் பழைய இனத்தில் செய்து சந்தைக்கு விட்ட முதல் வைன் என்று அது 2015 இல் உலக ஊடகங்களில் பேசப்பட்டது. தாவீது அரசரும் இயேசுவும் குடித்திருக்கக்கூடிய வைன் என்ற கோணத்தில் செய்திகள் வந்தன. மராவி என்பது ஹம்தானியின் மறுபெயர். பழத்தை விளைவித்துக் கொடுத்தவர் ஒரு பலஸ்தீன விவசாயி. பின்விளைவுகளுக்கு அஞ்சி அவருடைய பெயர் வெளியிடப்படவில்லை.

அந்த வைனுக்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சி உண்மையானது, பெறுமதியானது. அரியேல் பல்கலைக்கழகத்தின் ஷிவி ட்ரோரி தலைமையிலான குழு நாடு முழுவதும் காட்டுக் கொடிகளையும் பழைய தோட்டத்துக் கொடிகளையும் தேடிச் சேர்த்தது. அவற்றின் மரபணுவை இறக்குமதி இனங்களோடு ஒப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட தனித்துவமான இனங்களை அடையாளம் கண்டது. அவற்றில் சுமார் 20 இனங்கள் வைனுக்கு ஏற்றவை என்றும் கண்டது. பலஸ்தீனர் தரப்பில் அந்த அளவு பணமோ ஆய்வுகூடமோ கிடையாது. அதே வேளை, அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது மேற்குக் கரையில் ஒரு குடியேற்றத்துக்குள்.

பழம் இஸ்ரேலியருடையதும் அல்ல, பலஸ்தீனருடையதும் அல்ல, இந்த நிலப்பரப்புக்கு உரியது என்பது அந்த வைனைச் செய்தவர்களின் வாதம். முதலில் வாசித்தபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கொடிக்கு எல்லை தெரியாதுதான். ஆனால் யோசிக்க யோசிக்க ஒரு கேள்வி எழுந்தது. நிலத்துக்கு உரியது என்று சொல்கிறவர், அந்த நிலத்தில் சுதந்திரமாக நடமாடக்கூடியவராக இருக்கிறார். அந்தப் பழத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொப்பு வெட்டி நட்டவரோ தன் பெயரைக்கூட வெளியே சொல்ல முடியாதவராக இருக்கிறார். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அரசர் ஒருவரின் பெயர் அந்த வைனோடு சேர்கிறது, போன வருடம் பழம் பறித்தவரின் பெயர் சேரவில்லை.

போத்தலில் என்ன எழுதுவது என்பது நீதிமன்றம் வரை போன விடயமும்கூட. ஆக்கிரமிப்புப் பகுதிக் குடியேற்றங்களில் செய்த வைனை வெறுமனே 'இஸ்ரேல் தயாரிப்பு' என்று விற்க முடியாது, குடியேற்றத்திலிருந்து வந்தது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களுள் ப்ஸாகோட் என்ற குடியேற்றத்தின் வைன் நிறுவனமும் ஒன்று.

காசாவின் வெள்ளை வைன்

காசா என்றால் இன்று நம் கண்முன் வருவது இடிபாடுகள். ஆனால் கி.பி. 5 ஆம், 6 ஆம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடல் உலகம் முழுவதும் காசா என்ற பெயர் ஒரு வைனின் பெயராகவும் இருந்தது. நெகேவ் பாலைவனத்தின் மேட்டுநிலங்களில் மழைநீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி விளைவித்த முந்திரிகையின் வைன், காசா துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. இலேசான, இனிப்பான வெள்ளை வைன் அது. அதை அடைத்து அனுப்பிய நீண்ட மண்சாடிகளின் துண்டுகள் பிரித்தானியா வரை தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. பிரான்சின் தூர் நகர ஆயர் கிரகரி 6 ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்று நூலிலும் காசா வைன் வருகிறது. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொள்ளைநோய் பரவியதோடு அந்த வணிகம் சரியத் தொடங்கியது.

நெகேவின் அவ்தாத் என்ற இடத்திலுள்ள பழைய மடமொன்றின் அறையில் கிடைத்த முந்திரிகை விதைகளின் மரபணுவை ஹைபா, டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படித்து 2023 இல் வெளியிட்டார்கள். 8 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு விதை வெள்ளை முந்திரிகையினுடையது. விதையின் மரபணு வழியாக உறுதிசெய்யப்பட்ட மிகப் பழைய வெள்ளை முந்திரிகைகளில் ஒன்று. அதற்கு நெருங்கிய உறவான 'பேயர்' என்ற கொடி இன்றும் அந்த நாட்டின் கடற்கரை மணற்பகுதியில் இருக்கிறது. இன்னொரு விதைக்கு உறவான 'அஸ்வத் கரேஷ்' என்ற கறுப்பு இனம் லெபனானில் இருக்கிறது.

எந்தக் கொடிக்கு எந்தக் கொடி சொந்தம் என்பதை மரபணு துல்லியமாகச் சொல்கிறது. 8 ஆம் நூற்றாண்டுக்கும் இன்றைக்கும் இடையில் அந்தக் கொடிக்குத் தண்ணீர் விட்டது யார் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். அவர்கள் இடம்பெயர்ந்து சிதறிவிட்டால், நடுவிலுள்ள ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் வெற்றிடம் போலத் தெரியும். பழைய அரசரிடமிருந்து இன்றைய ஆய்வுகூடத்துக்கு நேராகத் தாவுவது இலகுவாகிவிடும். தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே தங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கும் நமது மக்களுக்கு இந்தத் தாவல் புதிதல்ல.

லெபனான்: போருக்கு நடுவே அறுவடை

அதே மலைத்தொடர்களின் வடக்கே, லெபனானில் இரண்டு பழைய வெள்ளை இனங்கள் உள்ளன. ஒன்று பெக்கா பள்ளத்தாக்குப் பக்கத்து உபைதி. மற்றது லெபனான் மலையின் உயரமான சரிவுகளில் வளரும் மெர்வா. நெடுங்காலமாக உபைதியின் முக்கிய வேலை அரக்குக்குச் சாறு கொடுப்பது. அங்கேயும் சோம்பு போட்டு வடிக்கும் மதுவுக்கு 'அரக்' என்றுதான் பெயர். நம் சாராயத்தின் ஆங்கிலப் பெயரும் அதே அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்த இரண்டையும் கலந்து வெள்ளை வைன் செய்து வெளியுலகுக்குக் கொண்டுபோனது 1930 இல் கஸ்தோன் ஹோஷார் தொடங்கிய ஷாட்டோ மூஸார் நிறுவனம். அவருடைய மகன் செர்ஜ் 1959 இல் வைன் செய்யும் பொறுப்பை எடுத்தார். கொடிகள் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில், ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்பவை.

1975 இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. பெரும்பாலான தோட்டங்கள் பெக்காவில். வைன் செய்யும் இடமோ மலைக்கு அப்பால், பெய்ரூத்துக்கு வடக்கே கஸீரில். நடுவில் போர்முனை. லொறிகள் வெவ்வேறு ஆயுதக் குழுக்களின் சாவடிகளைக் கடந்து முந்திரிகை ஏற்றி வந்தன. 1976 இல் வைன் செய்யவே முடியவில்லை. 1984 இல் சண்டையால் லொறிகள் வழியில் நாட்கணக்கில் சிக்கி, பழம் வந்து சேரும்போதே நொதிக்கத் தொடங்கியிருந்தது. போர் முடிந்த 1990 வரையான மற்ற ஆண்டுகளில் எப்படியோ அறுவடை வந்து சேர்ந்தது. உள்நாட்டில் வாங்க ஆளில்லாததால் செர்ஜ் வெளிச்சந்தையைத் தேடினார். 1979 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வைன் கண்காட்சியில் அவருடைய வைன் கவனிக்கப்பட்டது. 1984 இல் 'டிகான்டர்' சஞ்சிகை தனது ஆண்டின் சிறந்த மனிதர் விருதை முதன்முதலாக அவருக்கு வழங்கியது.

ஆனால் நீண்ட காலமாக உபைதியை அறிமுகப்படுத்தும்போது ஒரு கதையும் சேர்த்துச் சொல்லப்பட்டது. சிலுவைப்போர் வீரர்கள் இங்கிருந்து கொண்டுபோன கொப்புதான் ஷார்டொனே ஆனது, மெர்வாதான் செமியோன் ஆனது என்று. பிரெஞ்சுப் பழத்துக்குப் பாட்டன் என்றால்தான் மதிப்பு. ஷார்டொனேயின் பெற்றோர் யாரென்று மரபணு காட்டியதோடு அந்தக் கதை முடிந்தது. அதனால் உபைதிக்கு நட்டம் எதுவும் வரவில்லை. சென் தோமஸ் என்ற நிறுவனம் 2012 அறுவடையிலிருந்து உபைதியைத் தனியாக, அதன் பெயரிலேயே வெளியிட்டது. 1857 இல் இயேசு சபைத் துறவிகள் தொடங்கிய க்ஸாரா நிறுவனம், வடக்கு லெபனானின் தூமா பகுதிப் பழைய கொடிகளிலிருந்து 2017 அறுவடையில் மெர்வாவைத் தனி வைனாகச் செய்தது. 2024 செப்டெம்பரில், அறுவடை நாட்களில், பெக்கா மறுபடியும் குண்டுவீச்சுக்கு உள்ளானது.

பெயரை எழுதி வைத்தல்

இந்தப் பழைய வெள்ளை இனங்கள் இப்போது உலகச் சந்தையில் தேடப்படுகின்றன. பூமி சூடாகும் காலத்தில், வெப்பத்துக்கும் வறட்சிக்கும் ஏற்கெனவே பழகிய கொடிகளுக்குத் தேவை வந்திருக்கிறது. இனி இந்தப் பெயர்களைத் தேடி ஆட்கள் வருவார்கள். அந்த நேரத்தில், இது எங்கள் வீட்டில் இருந்தது, இதற்கு நாங்கள் சொன்ன பெயர் இது, இப்படித்தான் நட்டோம் என்று சொல்ல ஆட்களும் எழுத்தும் இருக்க வேண்டும். கிரேமிசான் 2008 இல் செய்த பெரிய காரியம் நல்ல வைன் செய்தது மட்டுமல்ல. ஹம்தானி, ஜந்தாலி என்று விவசாயிகள் வாயிலிருந்த பெயரை அப்படியே போத்தலில் எழுதியதும்தான். மராவி வருவதற்குள் அந்தப் பெயர் அச்சில் இருந்தது.

நாங்கள் 2002 இல் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றடியில் பந்தல் கால்களும் இல்லை. இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த மாமி ஒருவர் எங்களுக்கு முன்னரே திரும்பியிருந்தார். இடப்பெயர்வுக்கு முன்னர் அம்மா கொடுத்த கொப்பு அவர்கள் வளவில் காடாகப் படர்ந்து நின்றது. அவர் ஒரு முழ நீளத்தில் நாலு கொப்பு வெட்டி ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். "இந்தா, உங்கட வீட்டு முந்திரிகை" என்றார். இஸ்ரேல் புளூ என்ற பெயர் அவருக்குத் தெரியாது.

அந்தக் கொப்பில் வந்த கொடிதான் இப்போது எங்கள் கிணற்றடியில் நிற்கிறது. இந்தக் கட்டுரைக்காக அம்மாவுக்கு அழைத்து, அது யாருடைய வீட்டிலிருந்து முதலில் வந்தது என்று கேட்டேன். உரும்பிராயில் அப்பாவின் சித்தப்பா வீட்டிலிருந்து என்றார். அவருடைய பெயரையும், கொண்டுவந்த ஆண்டையும் இந்த முறை எழுதி வைத்துக்கொண்டேன்.